இருதயம்மாள் பூட்டிய கொட்டகை

என் அக்கா இருதயம்மாளை நல்லவள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து என் வாயிலேயே போடுவாள். பட்ட அவமானத்தை அவள் மறந்ததில்லை. மறந்துவிடு என்று புத்தி சொன்னவர்களையும் மறந்ததில்லை. காசிமேட்டில் அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு மரியாதையோடு திரும்பியவர்கள் ரொம்பக் குறைவு.

அவள் புருஷன் வேதமாணிக்கம் மாமா அதற்கு நேர் எதிர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவரும் என் புருஷன் சவரிநாதனும் டோல்கேட்டுக்கு வடக்கே இருந்த குப்பை அடுப்பில் வேலை செய்தார்கள். இருபத்தைந்து, இருபத்தாறாம் வருஷ வாக்கில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டிய அடுப்பு அது. ஊர்க் குப்பையை எரித்து, அந்தச் சூட்டில் பாய்லரில் நீராவி கிளப்பி, டைனமோவைச் சுற்றி, தெருவுக்கு எலெக்ட்ரிக் விளக்கு போடப் போகிறார்களாம். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆனால் அடுப்பு பொய்யில்லை. சித்திரை வெயிலில் காய்ந்த குப்பை வந்தபோது அது எரிந்த எரியை நான் பார்த்திருக்கிறேன். மழை பிடித்தால்தான் எல்லாம் கோவிந்தா. ஈரக் குப்பையைப் போட்டால் புகை மட்டும் வரும், பாய்லர் ஆறிப்போகும்.

அதற்காகத்தான் எங்களைப் போல பெண்களை வைத்தார்கள். வண்டியில் வருவதைப் பிரித்து, கல்லையும் தகரத்தையும் ஈரத்தையும் ஒதுக்க வேண்டும். அக்காதான் எங்களுக்குத் தலைவி. கொட்டாங்கச்சி, மரத்தூள், கிழிந்த கோணி என்று நன்றாக எரிகிற சாமானில் ஒரு பங்கு எங்களுக்கு என்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். எங்கள் கொட்டகையில் சேர்த்து வைத்து, இஸ்திரி போடுகிறவர்களுக்கு விற்போம்.

ஆள் வைத்து வேலை வாங்கியவன் கண்ட்ராக்டர் சுப்பராயன். ஒருநாள் ஏதோ கிடங்கிலிருந்து வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. நேரமாகிறது, பிரிக்க வேண்டாம், அப்படியே தள்ளு என்று மாமாவை விரட்டினான். குப்பைக்குள் மூடி போட்ட எண்ணெய் டின் ஒன்று இருந்தது. அடுப்பு வாயிலேயே வெடித்தது. மாமா ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வரவில்லை.

விசாரிக்க வந்த துரையிடம் சுப்பராயன் கூசாமல் புளுகினான். இவன் குடித்துவிட்டு வந்து தன் சாராய பாட்டிலையே அடுப்பில் எறிந்தான் என்றான். மாமா யார் தெரியுமா? எங்கள் கோயில் மதுவிலக்கு சபையின் கொடியைத் திருவிழாவுக்குத் திருவிழா பிடித்து நடந்தவர். கூட நின்று பார்த்த பெண்கள் எங்கள் பேச்சை யாரும் கேட்கவில்லை; சபைக்காரர்கள் கண்ட்ராக்டர் பேச்சை நம்பினார்கள். சபை ஆள் யார் செத்தாலும் முன்னால் போகிற கொடி மாமா சவப்பெட்டிக்கு முன்னால் வரவில்லை. அன்றைக்கு அக்கா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு மாசம் கழிந்ததும் சுப்பராயனிடம் போனாள். நானும் கூடப் போனேன். சபைக்காரர்களிடம் வந்து உண்மையைச் சொல்லுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்று கேட்டாள். அவன் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னான்:

"செத்தவன் குட்ச்சா இன்னா, குடிக்காட்டி இன்னா? எய்ந்து வந்து கேக்கப் போறானா?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கம்பெனி பரீட்சைக்கு நாள் குறித்தது. பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் ஊர் கூடிப் பார்க்க விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் அடுப்பு நிலைக்கும், சுப்பராயனுக்கு அடுத்த பத்து வருஷம் கண்ட்ராக்ட். பொங்கல் குப்பை மலையாக வரும் என்று துரைகளுக்கு அவன்தான் ஆசை காட்டினான். வருவது அத்தனையும் ஈரக் கரும்புச் சக்கையும் வாழையிலையும் என்று அவனுக்கும் தெரியும். அதனால் எங்கள் கொட்டகைச் சாமானை யாருக்கும் விற்காதே, எனக்கு வை என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தான். அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

போகியன்று விடிகாலையில் அவள் கொட்டகையைத் திறந்துவிட்டாள். நாங்கள் வேதக்காரர்கள், போகிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் கூடை கூடையாகச் சுமந்து தெருத்தெருவாகக் கொண்டு போட்டோம். சாமான் எங்கள் பங்கு, கேட்க ஆளில்லை. கூட இருந்த பெண்களில் ஒருத்தியும் மாட்டேன் என்று சொல்லவில்லை; தள்ளச் சொன்னது யார் என்று எல்லாரும் பார்த்தவர்கள்தானே. என் புருஷனிடம் மட்டும் நான் மூச்சு விடவில்லை. அடுப்பு போனால் அவர் வேலையும் போகும். தெரிந்தேதான் சுமந்தேன். எல்லாம் எரிந்து முடிந்ததும் அக்கா வெறும் கொட்டகையைப் பெருக்கி, பூட்டுப் போட்டாள்.

பரீட்சை நாளில் துரைகள் வந்தார்கள், சபைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். விளக்குகள் வெள்ளையாக எரிந்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, சிவப்பாகி, மங்கின. சுப்பராயன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடி வந்தான். அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றாள். பின்னாலேயே கூட்டமும் வந்தது.

"மொதல்ல என் புருசன பத்தி சொல்லு. அப்பால தொறக்கறேன்."

அவன் கெஞ்சினான், மிரட்டினான், விளக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கடைசியில் கத்தினான்:

"வேதமாணிக்கம் குடிக்கல. டின்னு வண்டில வந்துச்சி. பிரிக்க வோணாம், தள்ளுன்னு சொன்னது நான்தான்."

"பின்னால கீறவங்களுக்கு கேக்கல. இன்னொரு தபா சொல்லு."

இன்னொரு தடவையும் சொன்னான். சபைத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா நிதானமாகப் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரு துடைப்பம் மட்டும் சாய்ந்திருந்தது.

"போகில கொளுத்திட்டோம், மொதலாளி" என்றாள்.

அவன் முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு குளிர்கிறது. விளக்குகள் அணைந்தன. கம்பெனி டைனமோவைக் கழற்றிக் கப்பலில் ஏற்றியது. சுப்பராயன் ஊரை விட்டே போனான். எங்கள் தெருவுக்கு விளக்கு வர இன்னும் ரொம்ப வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் மண்ணெண்ணெய்ப் புகைதான்.

வேலை போன சவரி நேராக அக்கா வீட்டுக்குப் போனார். "எங்க வவுத்துல அட்ச்சிட்டியே அக்கா" என்றார்.

அவள் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒனுக்கு வேற வேல கெடிக்கும், தம்பி. அவுருக்கு வேற பேரு எங்க கெடிக்கும்?"

சவரி எழுந்து வந்துவிட்டார். சாகிற வரைக்கும் அவள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவளும் ஒரு தடவைகூட வா என்று கூப்பிடவில்லை.