சுற்றுக்குப் போகும் ஆல்பம்

“அந்தாள் எழும்பிப் போகட்டும்” என்று முணுமுணுத்துவிட்டு வாகீஸ்வரி மறுபடியும் காமிராவுக்குள் கண்ணை வைத்துக்கொண்டார். ஆற்றோரம் கட்டியிருந்த படகில் ஒரு சீனர் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். காலை ஏழு மணி. சிலாங்கூர் ஆறு பால் நிறத்தில் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. இருபது நிமிடம் கழித்துச் சீனர் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகுதான் வாகீஸ்வரியின் விரல் அசைந்தது. ஒரே ஒரு படம். “இப்ப வடிவு” என்றார்.

வாகீஸ்வரிக்கு நாற்பத்து மூன்று வயது. கோலா சிலாங்கூரில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து கலந்து கொடுக்கிறார். நர்ஸ்களை அழைக்கிறபடி ஊருக்கு அவரும் ‘மிஸ்ஸி’. திங்கள் முதல் சனி வரை சின்னச் சதுர ஓட்டை வழியாக மருந்துப் போத்தலையும் “சாப்பாட்டுக்குப் பிறகு, மறக்காதேங்கோ” என்ற வாக்கியத்தையும் ஒன்றாக நீட்டுவார். ஞாயிறு வந்துவிட்டால் முதல் பஸ். பத்தாங் காலி, ராசா, சுங்கை பெசார் என்று பஸ்ஸும் ரயிலும் போகிற இடமெல்லாம் போவார். பையில் ஒலிம்பஸ் காமிரா, ஒரு குடை, ரொட்டி, பழைய பிஸ்கட் டின் நிறையப் பாஸ்டல் வண்ணக் கட்டிகள். தனியாகப் போகிற பெண்ணைப் பார்த்து யாராவது “யாரைப் பாக்கப் போறீங்க?” என்று கேட்டால், “மலையை” என்பார். கேட்டவர் சிரிப்பார். இவர் சிரிக்கமாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கழுவக் கொடுத்து, வந்த பிறகு அதே காட்சியைப் பாஸ்டலில் வரைவார். தூரிகை கிடையாது, எல்லாம் விரல்தான். ஊதாவின் மேல் சாம்பலைத் தேய்த்தால் தூரத்து மலை. மஞ்சளின் மேல் வெள்ளையை ஊதிவிட்டால் சுங்கை பெசார் வயலின் விடியல். தூள் உதிராமல் இருக்க, தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அடிப்பார். அதனால் அவர் வரைந்த பனியிலும் மழையிலும் அழகு நிலைய வாசனை இருக்கும். திங்கட்கிழமை மருந்து வாங்குகிறவர்கள் அவருடைய நகக்கண்ணில் நீலம் இருப்பதைப் பார்த்து, என்ன மருந்தோ என்று யோசிப்பார்கள்.

வரைந்து வைத்து என்ன செய்வது? கண்காட்சி வைக்கிற அளவுக்குத் தன்னை அவர் பெரிதாக நினைத்ததில்லை. பெட்டியில் பூட்டிவைக்கவும் மனமில்லை. எனவே ஆல்பத்தைத் தபாலில் சுற்றுக்கு விட்டார். இடப்பக்கம் புகைப்படம், வலப்பக்கம் ஓவியம், நடுவே மெல்லிய தாள். கடைசியில் நூலால் கட்டிய ஒரு பள்ளிக்கூட நோட்டு, அபிப்பிராயம் எழுத. பஸ்ஸில், கிளினிக்கில், கல்யாண வீட்டில் பழக்கமான ஒன்பது வீடுகள். ஒரு வீட்டில் நான்கு நாள், பிறகு பழுப்புத்தாளில் சுற்றி அடுத்த வீட்டுக்கு. நான் ஒன்பதாவது வீடு. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, அவருக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். ஆகவே ஆல்பத்தைக் கையோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறவளும் நான்தான்.

அந்த நோட்டை வாசிப்பது தனிச் சுகம். சுங்கை பெசாரில் அரிசி ஆலைக் கணக்கர் கார்த்திகேசு, “வயல் இவ்வளவு பச்சையாக இருப்பதில்லை. மற்றபடி நன்று” என்று ஒவ்வொரு முறையும் எழுதுவார், படத்தில் வயல் இல்லாவிட்டாலும். பத்தாங் காலி ரமணி “பார்த்தேன்” என்று ஒரே சொல். ரவாங் பஸ்ஸில் வாகீஸ்வரிக்குப் பழக்கமான திலகம், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்து மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பத்தொன்பது வயதுப் பெண், முழுப்பக்கம் எழுதுவாள். “மிஸ்ஸி, அந்த மலைக்குப் பின்னால என்ன இருக்கும்னு யோசிச்சிக்கிட்டே ஷிஃப்ட்டு முடிஞ்சிருச்சி லா.” இதை வாசிக்கிறபோது மட்டும் வாகீஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

ஒருநாள் நான் கேட்டேன்: “அக்கா, உங்க படத்தில ஏன் ஒரு ஆள்கூட இல்ல?”

பிஸ்கட் டின்னில் கட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “அப்பர் தோட்டத்தில கிராணியாய், கணக்கெழுதுறவராய் இருந்தவர். கூலியாக்கள் இருக்கிற லயத்துப் பக்கம் போகக்கூடாது, அந்தப் பிள்ளையளோட விளையாடக்கூடாது. யன்னலால பாத்துக்கொண்டிருப்பன். ஆக்கள் தூரத்தில நிண்டாத்தான் எனக்கு வடிவு, டீச்சர். கிட்ட வந்தால் என்ன கதைக்கிறதெண்டு தெரியாது.”

எண்பத்தாறாம் ஆண்டு ஆகஸ்டுச் சுற்றில் அந்த ஆல்பம் கனத்துத் திரும்பியது. கனம் தாளில் இல்லை, நோட்டில். பதினேழாவது படம் ராசா ரயில் நிலையம். பனி இறங்கிய மேடை, பின்னால் மலைத்தொடர், ஒரு மர பெஞ்சு. பெஞ்சில் தூக்குச் சட்டியும் குடையுமாக ஒருவர் பாதி திரும்பி உட்கார்ந்திருந்தார். ரயில் வந்துகொண்டிருந்ததால் அவர் எழுந்து போகிறவரை வாகீஸ்வரிக்குப் பொறுக்க முடியவில்லை போலும். எதிர்ப்பக்க ஓவியத்தில் அதே பனி, அதே மலை. பெஞ்சு மட்டும் காலி.

நோட்டில் திலகம் எழுதியிருந்தாள். “மிஸ்ஸி, பெஞ்சில இருக்கறவரு எங்கப்பான்னு அம்மா சொல்றாங்க. எனக்கு நாலு வயசுல வீட்ட விட்டுப் போனவரு. அவர உங்களுக்குத் தெரியுமா? போட்டோவுல இருக்காரு, நீங்க வரைஞ்சதுல ஏன் இல்ல?”

அதற்குப் பிறகு ஆல்பம் போன வீடுகளில் யாரும் மலையைப் பார்க்கவில்லை. ஒருவர், ராசாவில் தன் மைத்துனர் இருக்கிறார், விசாரிக்கச் சொல்லட்டுமா என்று எழுதியிருந்தார். இன்னொருவர், ஓடிப்போன மனிதனைத் தேடி என்ன லாபம் என்று எழுதியிருந்தார். ரமணிகூட இரண்டு வரி எழுதியிருந்தாள்: “பார்த்தேன். அவர் முகத்தில் பசி தெரிகிறது.”

நான் ஆல்பத்தை வீட்டில் வைத்திருக்காமல் நேரே கிளினிக்குக்குப் போனேன். வாகீஸ்வரி மருந்து ஓட்டைக்குப் பின்னால் நின்றே வாசித்தார். வெளியே ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அவர் நோட்டை மூடவில்லை. “இந்தாளை நான் இடைஞ்சல் எண்டுதான் நினைச்சனான்” என்று சொன்னார். “வரையேக்க முதல் வேலையா அழிச்சுப்போட்டன்.”

மறுநாளே நெகடிவைக் கிள்ளானுக்கு எடுத்துப்போய் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளிகளாகக் கலைந்தது. ஓரடி தள்ளி வைத்தால் மனிதர், கிட்டே வைத்தால் மழை. அதை எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு ராசாவுக்குப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். காமிராவைக் கொண்டுபோகவில்லை. மூன்றாவது ஞாயிறு நானும் போனேன்.

நிலையத்துக்கு வெளியே கோப்பிக் கடையில் படத்தைக் காட்டினோம். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “இது செல்லமுத்து மாதிரி இருக்கே. மரக்கடையில ஜாகா வேல, ராக்காவலு. காலையில ரயிலுக்கு வருவாரு, இருங்க.” அவர் பேர் சொன்னதும் வாகீஸ்வரி என்னைப் பார்த்தார். ஆல்பத்துக்கு எழுதுகிற விலாசத்தின்படி திலகத்தின் அப்பா பெயர் அழகேசன். ஆனால் பெயரை மாற்றிக்கொண்டிருக்கலாமே என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

செல்லமுத்து வந்தார். அதே தூக்குச் சட்டி. வாகீஸ்வரி ஊசி போடத் தெரியாத நர்ஸ் மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டார். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் இருந்தீர்களா, பெண் குழந்தை உண்டா, வீட்டை விட்டு எப்போது... அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“நான் பொறந்ததே இந்த ராசாவுலதாம்மா. கல்யாணமும் ஆகல. வீட்ட விட்டு ஓடணும்னா மொதல்ல வீடு வேணுமில்ல.” பிறகு பெரிதாக்கிய படத்தைக் கையில் வாங்கிக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்தார். “இது நானா? ஐசி கார்டுக்கு எடுத்ததோட சரி, அதுக்கப்புறம் யாரும் எடுத்ததில்ல. நான் வச்சிக்கலாமா?”

வாகீஸ்வரி தலையசைத்தார். செல்லமுத்து படத்தைத் தூக்குச் சட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். மலையிலிருந்து பனி இறங்கித் தண்டவாளத்தை மூடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெஞ்சில் ரொட்டியைத் தின்னாமல் உட்கார்ந்திருந்தோம்.

“திலகத்துக்கு நோட்டிலேயே எழுதி அனுப்பலாமே அக்கா” என்றேன்.

“ஒன்பது வீடு வாசிக்கிற நோட்டில எழுதுற விசயமோ இது? நேர சொல்ல வேணும்” என்றார்.

ரவாங்கில் பஸ் மாறித் திலகம் இருக்கிற தோட்டத்துக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. ரப்பர் மரங்களுக்கு அடியில் வெயில் பச்சையாக, தண்ணீருக்கு அடியில் நடப்பது போல் இருந்தது. லயத்தின் நான்காவது வீடு. திலகத்துக்குக் காலை ஷிஃப்ட்டு, ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அவள் அம்மா வேலம்மா மட்டும் இருந்தார். உயரமான, ஒல்லியான மனுஷி. கையிலிருந்து ரப்பர் பால் வாடை போகவில்லை. “வாங்க மிஸ்ஸி, பசியாறிட்டீங்களா?” என்று பலகையைத் துடைத்துப் போட்டார். வாகீஸ்வரி உட்காராமலே, பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னார்: “நாங்கள் தேடிப் பாத்தனாங்கள். அவர் உங்கட அவர் இல்லை.”

வேலம்மா கோப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். “தெரியும் மிஸ்ஸி.”

“தெரியுமோ?”

“அன்னைக்கே தெரியும். ஒக்காந்திருந்த விதம் கொஞ்சம் அவரு மாதிரி இருந்துச்சி, வாயில வந்திருச்சி. மறுபடியும் பாத்தேன், காது வேற, தோளு வேற. ஆனா அதுக்குள்ள புள்ள மொகத்தப் பாத்துட்டேன்.” கோப்பியை எங்கள் முன் வைத்தார். “அதுக்கு அப்பன் மொகமே தெரியாது. கல்யாணத்துல எடுத்த ஒரே போட்டோவ அவரு போறப்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. நாலு நாளும் அது அந்த ஆல்பத்தத் தலமாட்டுல வச்சிக்கிட்டுத் தூங்குச்சி. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

வாகீஸ்வரி அப்போதுதான் உட்கார்ந்தார். வெளியே ஒரு சேவல் கத்திக்கொண்டிருந்தது. கோப்பி ஆறியது. பையைத் திறந்து பிஸ்கட் டின்னை எடுத்தார். மடியில் அட்டையை வைத்து அதன்மேல் தாளைப் போட்டார்.

“எப்பிடி இருப்பார்? சொல்லுங்கோ.”

வேலம்மாவுக்கு முதலில் சொல்லத் தெரியவில்லை. “கறுப்பு” என்றார். “நல்லா சிரிப்பாரு” என்றார். இரண்டும் ஒரு முகத்துக்குப் போதாது. வாகீஸ்வரிக்கும் முகம் வரையத் தெரியாது. முதல் தாளில் வந்ததைப் பார்த்து வேலம்மா, “நெத்தி பத்தாங் காலி மலையாட்டம் இருக்கு மிஸ்ஸி” என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எளிதாயிற்று. புருவம் சேர்ந்திருக்கும். மேலுதட்டில் வெட்டுக் காயம், மீசை அதை மறைக்கும். கோபம் வந்தால் இடது கண் சின்னதாகும். பதினைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒரு மனிதனை வேலம்மா துண்டு துண்டாக எடுத்துக் கொடுக்க, வாகீஸ்வரி பழுப்பையும் சாம்பலையும் விரலால் குழைத்துக்கொண்டே போனார். மூன்று தாள் வீணாயிற்று. நான்காவதில் யாரோ எட்டிப் பார்ப்பது போல் ஒரு முகம் வந்துகொண்டிருந்தது. அந்தப் படம் சுற்றுக்கு வந்ததில்லை. பார்த்தவர்கள் நாங்கள் நான்கு பேர்தான்.

நான்கு மணிக்குத் தொழிற்சாலை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. திலகம் நீலச் சீருடையோடு வாசலில் வந்து நின்றாள். மிஸ்ஸியை வீட்டில் கண்டதும் முகம் மலர்ந்து, அடுத்த கணமே எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

வேலம்மா எழுந்திருக்கவில்லை. “அந்தப் பெஞ்சில இருந்தவரு இல்லம்மா. அவரு வேற யாரோ. நான்தான் பொய் சொல்லிட்டேன்.”

திலகம் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டு வெளியே போவாள் என்றும் நினைத்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். “ஏம்மா?” என்று கேட்டாள். வேலம்மா பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் திலகம் வந்து உட்கார்ந்து தாளை எட்டிப் பார்த்தாள்.

“மீச இவ்ளோ பெருசா?”

“இதவிடப் பெருசு” என்றார் வேலம்மா. “எல்லாம் வந்திருச்சி மிஸ்ஸி. மூக்குதான் சரியில்ல. மூக்கு இவளுக்கு அப்பிடியே அவரு மூக்கு.”

வாகீஸ்வரி கட்டியைக் கீழே வைத்தார். பழுப்பு படிந்த கையை நீட்டி, அந்தப் பெண்ணின் மோவாயைப் பிடித்து, வெளிச்சம் விழும்படி மெல்லத் தன் பக்கம் திருப்பினார்.