மரமுகத்தின் கண்ணில் வடிந்த தார்

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு முன்பு நான் சங்கிலி வாளை இயக்குவதில்லை. பன்னிரண்டரைக்கு மேல் அதைத் தொடுவதுமில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவின் வீடுகளுக்கு இடையே ஒரு கை நுழையும் இடைவெளிகூடக் கிடையாது. துறைமுகத்தில் இரவுப் பணி முடித்துத் திரும்புகிறவர்கள் பத்து மணி வரையாவது உறங்கட்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்ட ஒழுங்கு அது. விசையை அழுத்துவதற்கு முன்பு கண்ணாடி, காதடைப்பு, கையுறை, முகக்கவசம் எல்லாவற்றையும் அணிந்துகொள்வேன். தொழிலாளர் உடல்நலத்துக்காக இயங்கும் ஒரு சிறிய அமைப்பில் எனக்கு வேலை. பட்டறை பட்டறையாகச் சென்று, தூசியை மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்று சொல்வதில் என் வாரநாட்கள் கழிகின்றன. அப்படிச் சொல்கிறவள் விடுமுறை நாளில் வெறும் முகத்துடன் மரம் அறுத்தால், சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

நான் செதுக்குபவை டீக்கி முகங்கள். பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் வாழும் மக்கள் தங்கள் மூதாதையரையும் தெய்வங்களையும் மரத்தில் வடிக்கும் உருவங்கள் அவை. அகன்ற கண், முகத்தின் பாதியை எடுத்துக்கொள்ளும் வாய், வரிசையாகப் பற்கள். ஒரு புயலுக்குப் பிறகு எங்கள் தெருமுனையில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தை மாநகராட்சி ஊழியர்கள் சங்கிலி வாளால் துண்டு போட்டதை நெடுநேரம் நின்று பார்த்தேன். அந்த வாளால் வேறு என்ன செய்வார்கள் என்று கைப்பேசியில் தேடியபோதுதான் இந்த முகங்கள் கிடைத்தன. மின்சாரத்தில் ஓடும் சிறிய வாள் ஒன்றை வாங்கி, வீட்டின் பின்னால் சும்மா கிடந்த தகரக் கொட்டகையில் தொடங்கினேன். முதல் ஆறு மாதங்கள் நேர்கோடு அறுக்கவே பழகினேன். வாளின் மூக்கு நுனி மரத்தில் தவறாகப் பட்டால் அது ஆளை நோக்கித் துள்ளும். கண்குழி தோண்டும்போது அந்த நுனியைத்தான் பயன்படுத்தியாக வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் மனத்தில் வேறு எதற்கும் இடமில்லை. அதற்காகவே இந்தப் பொழுதுபோக்கை விரும்பினேன் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொருவருடைய மூதாதையரை நான் விளையாட்டாகச் செதுக்கலாமா என்ற கேள்வி எனக்கு உண்டு. விற்பதில்லை, ஏளனத்துக்கு வைப்பதில்லை என்று முடிவு செய்து அந்தக் கேள்வியைப் பாதியளவு அடக்கி வைத்திருந்தேன். தெருவுக்கு அந்தச் சங்கடமே இல்லை. முதல் முகத்தைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திய அன்றே அது திருஷ்டி பொம்மை என்று தீர்மானமாகிவிட்டது.

அப்படித் தீர்மானித்தவர் தெருமுனையில் தன் வீட்டு வாசலிலேயே இட்லி விற்கும் அக்கா. பட்டறைகளில் பேசுவதுபோலவே தெருவிலும் நான் பேசுவதைக் கேட்டு எனக்கு 'டீச்சரம்மா' என்று பெயர் வைத்தவரும் அவரே. நான் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை.

"இன்னா டீச்சரம்மா, கண்ணாடில பாத்துகினு செஞ்சியா?" என்றார், அந்த முகத்தைச் சுற்றி வந்தபடி. "மூஞ்சி நல்லாத்தான் கீது. பல்லு பத்தல. இன்னும் நாலு வை. கண்ணு போடறவன் பயப்படணும்ல?"

அக்காவின் இட்லி, மரம் அறுத்து விற்கும் மரவாடியில் வாங்கிய மரத்தூள் அடுப்பில் வெந்தது. தகர டின்னின் நடுவில் ஒரு குழாயை நிறுத்தி, அதைச் சுற்றித் தூளை இடித்து நிரப்பி, பிறகு குழாயை உருவிவிட்டால் நடுவில் ஓட்டை நிற்கும். கீழே தீ வைத்தால் மூன்று மணி நேரம் ஒரே சீராகக் கனலும். என் கொட்டகையில் சேரும் தூளைக் கண்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் குறை சொல்லாமல் வாங்க அவருக்குத் தெரியாது.

"மரவாடி தூளு தவுடு மாதிரி கீது. உன் மிஷினு தூளு அவுலு மாதிரி கீது. ரெண்டையும் கலந்து இடிச்சாத்தான் நிக்கும்."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மூட்டைத் தூளை அவர் வீட்டு வாசலில் வைப்பேன். மறுநாள் காலையில் எனக்கு நான்கு இட்லி வரும். வேம்பு, பூவரசு, தூங்குமூஞ்சி என்று என் கையில் விழுந்த மரங்கள் எல்லாம் அந்த அடுப்பில் எரிந்தன. வீணாகப் போகாமல் ஒரு பொருள் அடுத்தவருக்குப் பயன்படுகிறது என்பதில் எனக்கு இருந்த நிறைவை மறைக்க விரும்பவில்லை.

இந்த ஏற்பாடு ஓராண்டு நடந்த நிலையில், அக்காவின் மகள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த இடம், அனல்மின் நிலையத்தை ஒட்டிய அத்திப்பட்டு.

"அங்க துணி காயப்போட்டா சாம்பலு படியுது," என்றார் அக்கா. "இங்க வந்தாச்சும் புள்ள நல்ல காத்து வாங்கட்டும்."

தண்டையார்பேட்டையின் காற்றை நல்ல காற்று என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அந்தப் பெண் வாசலில் நாற்காலி போட்டு, அடுப்பிலிருந்து ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அதே மாதத்தில் எனக்கு ஒரு புதிய கட்டை கிடைத்தது. துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் பழைய மரம் விற்கும் ஒருவரிடம், வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்த ஓர் உருண்டைத் தூணைப் பார்த்தேன். என் இடுப்பளவு பருமன். ஒரு வெடிப்பு இல்லை.

"என்ன மரம் அண்ணே இது?"

"தண்ணியில நின்ன கட்டைமா. கப்பல் வந்து மோதுற எடத்துல நட்டு வச்சிருந்தது. எத்தினி வருசம் ஆனாலும் கரையான் கிட்ட வராது."

கரையான் ஏன் வராது என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் ஏன் என்று கேட்கிற எனக்கு அன்று அந்தக் கேள்வி எழவில்லை. கட்டையின் அழகு வாயை அடைத்துவிட்டது. அதைச் சுற்றிலும் தார் பூசிய கயிறுகளும் டீசல் பீப்பாய்களும் கிடந்ததால் அங்கே வீசிய நெடியை இடத்தின் நெடி என்றே எடுத்துக்கொண்டேன். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

இரண்டு ஞாயிறுகள் அதில் வேலை செய்தேன். அதுவரை செய்ததிலேயே நல்ல முகம் அது. நெற்றி மேடு ஒரே வெட்டில் விழுந்தது. அக்காவின் விருப்பப்படி பற்களைக் கூட்டினேன். முகக்கவசத்தைத் தூளை அள்ளிக் கட்டும் வரை கழற்றக் கூடாது என்பது என் விதி; கழற்றவில்லை. கட்டியதும் கொட்டகையைப் பூட்டிவிட்டால் அடுத்த ஞாயிறு வரை அதற்குள் போவதும் இல்லை. வண்ணம் தெளிக்கும் பட்டறைக்காரர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் கரி வடிகட்டிக் கவசம் அது. இரண்டு மூட்டைத் தூள் அக்காவின் வாசலுக்குப் போனது. வழக்கம்போல் இட்லி வந்தது.

மூன்றாம் ஞாயிறு நல்ல வெயில். எண்ணெய் பூசுவதற்காக முகத்தைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திவிட்டுத் துணி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, உன் பொம்ம அழுவுது?"

இடது கண்குழியிலிருந்து மோவாய் வரை ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. விரலால் தொட்டேன், பிசுபிசுத்தது. கொட்டகையை விட்டு வரும்போது இறக்கிய கவசம் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விரலை மூக்கருகே கொண்டு சென்றதும் தெரிந்துவிட்டது. வியாசர்பாடியில் தண்டவாளங்களுக்கு அடியில் இடும் பழைய மரக்கட்டைகள் அடுக்கிக் கிடந்த இடத்தின் வாசனை. தார் எண்ணெய். கடல் நீரில் மக்காமல் இருக்க அந்தக் கட்டைக்குள் எண்ணெயை ஏற்றியிருக்கிறார்கள். அதை வீட்டு அடுப்பில் எரிக்கக் கூடாது, அதன் புகை நஞ்சு, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் இருக்கவே கூடாது. இந்த வாக்கியத்தைத் தேட வேண்டிய தேவை எனக்கு இல்லை. எங்கள் அமைப்பின் துண்டறிக்கை ஒன்றில் அதை எழுதியவள் நான்.

அக்கா வீட்டுப் பக்கம் ஓடத் திரும்பினேன். மேலிருந்து ஓட்டுநர் சொன்னார்: "அங்க யாரும் இல்லமா. பொண்ணு காலையில மயங்கி வுழுந்துட்ச்சு. ஆட்டோல ஏத்திகினு ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. உனுக்குத் தெரியாதா?"

ராயபுரம் வரை ஷேர் ஆட்டோவில் சென்றதில் எனக்கு நினைவிருப்பது என் விரலில் ஒட்டியிருந்த அந்தக் கறை மட்டுமே. சேலையில் துடைக்கத் துடைக்க அது பரவியது. இரண்டு மூட்டை என்றால் எத்தனை காலைகள் என்று கணக்கிட்டேன். அந்தப் பெண்ணின் நாற்காலிக்கும் அடுப்புக்கும் இடையே இருந்த ஐந்தடியை நினைத்தேன். சாம்பல் படியும் ஊரிலிருந்து அவளை இங்கே அழைத்து வந்தது நல்ல காற்றுக்காக. மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியங்களைக் கட்டினேன். ஒவ்வொன்றும் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டியது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, நடந்ததை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். மருத்துவர்களுக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

அக்கா பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பன்னைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அந்தக் காட்சியே எனக்குப் பாதி உயிரைத் திருப்பித் தந்தது.

"அக்கா, பொண்ணு எப்படி இருக்கு?"

"அத்த ஏன் கேக்குற. நேத்து ராத்திரி வாந்தி வருதுன்னு துன்னல. காலையிலயும் துன்னல. வெயில்ல போயி கொடி கட்டி துணி காயப்போட்டுகினு கீது. வுழாம இன்னா பண்ணும்? ரத்தம் கம்மியாம். குளுக்கோஸ் ஏத்துறாங்க. புள்ளைக்கு நெஞ்சுத் துடிப்பு நல்லா கீதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீ ஏன் இப்டி வேர்த்துகினு நிக்கிற? உன்னயும் சேத்து பெட்டுல போடணும் போல."

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கட்டை எங்கிருந்து வந்தது, அதில் என்ன ஏறியிருக்கிறது, எத்தனை மூட்டை, அந்தப் புகை என்ன செய்யும். கைவிரலையும் காட்டினேன். அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எந்தத் தூளு? தார் நாத்தம் அடிச்சுதே, அதுவா?"

"அதுதான் அக்கா."

"அத்த எவ எரிப்பா?" என்றார். "மூட்டய அவுத்ததும் குப்புனு மூக்குல ஏறுச்சு. கலீஜ் நாத்தம். எட்டு மணிக்கு இட்லிக்கு வர்றவன் தட்ட மூஞ்சிலயே வுட்டு எறிவான். அப்டியே கட்டி மாடிப்படிக்குக் கீழ தள்ளிட்டேன். ரெண்டும் அங்கதான் கீது."

அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அப்போ ரெண்டு வாரமா எதை எரிச்சீங்க?"

"மரவாடி தூளுதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அக்கா. இட்லிகூடக் கொடுத்தனுப்பினீங்களே."

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீ ஆசையா தூக்கினு வந்து வைக்கிற. நாறுதுன்னு சொன்னா மூஞ்சி தொங்கிடும். இட்லி அனுப்பலன்னா, வாங்கலன்னு தெரிஞ்சிடும். பேஜாரு எதுக்குன்னு வுட்டுட்டேன்." பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "ஆமா, எனக்கு மூட்டய அவுத்தப்பவே நாறுச்சே, மரத்த அறுத்தவளுக்கு இன்னா மூக்கு அடைச்சுகிச்சா? அதத்தான் மாட்டிகினு கீறியே பன்னி மூஞ்சி மாதிரி ஒண்ணு, ஊருக்கெல்லாம் குடுக்கிறியே. அத்த போட்டுகினா எப்டி வாசன தெரியும்?"

நான் மூன்று முறை கொடுத்தும் அக்கா அணிய மறுத்த கவசம் அது. என் நுரையீரலை அது காப்பாற்றியது உண்மை. நான் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை என்னிடமிருந்து மறைத்ததும் அதுவே. அந்தப் பெண்ணைக் காத்தது என் எந்த விதியும் அல்ல. அவள் தாயின் மூடாத மூக்கு. இதில் வெட்கப்பட நிறைய இருந்தது. ஆனால் அன்று அந்தப் பெஞ்சில் வெட்கத்தை மிதித்துக்கொண்டு வந்தது நிம்மதிதான். அழுதேன். அக்கா மிச்சமிருந்த பன்னை என் கையில் திணித்தார்.

மறுநாளே இரண்டு மூட்டைகளையும் மாடிப்படியின் கீழிருந்து எடுத்துவந்தேன். கால்வாயில் கொட்டுவதும் குப்பைத்தொட்டியில் போடுவதும் இன்னொருவர் தலையில் கட்டுவதாகும். எங்கள் அலுவலகத்தின் உதவியுடன், தொழிற்சாலை இரசாயனக் கழிவுகளை எடுத்துச் செல்லும் வண்டியில் சேர்த்தேன். முகத்தைப் பழைய மரக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். இந்த வகைக் கட்டையை விறகுக்கு விற்காதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, விளக்கத் தொடங்கினேன்.

"வெறகுக்கு இத்த யாரு வாங்குவான்? பத்தவச்சா தெருவே நாறிடும்னு எல்லாருக்கும் தெரியும்மா," என்றார் அவர். "நீ சிலை செய்யணும்னுதானே கேட்ட. அடுப்புல போடுவேன்னு சொன்னியா?"

அவர் அந்த முகத்தைத் தன் கிடங்கின் வாசலில் வேலித்தூணாக நட்டுவிட்டார். மழையிலும் உப்புக் காற்றிலும் நிற்கவே உருவாக்கப்பட்ட மரம், நிற்கட்டும். வெயில் நாட்களில் அது இன்னும் கொஞ்சம் அழுகிறது. பேருந்தில் அந்த வழியாகப் போகும்போது பார்ப்பேன்.

அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு சிறிய முகம் வேண்டும், வேப்பமரத்தில், பல் குறைவாக, என்று அக்கா உத்தரவிட்டார். கடந்த ஞாயிறு பத்து மணிக்குக் கட்டையை நிறுத்தினேன். கவசத்தை மாட்டாமல் ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு சீவி எடுத்து முதலில் முகர்ந்தேன். வேம்பின் கசப்புத்தான். இருந்தாலும் அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் மாவுக் கையோடு வந்தார். சீவலை வாங்கி மூக்கில் வைத்தார், கசக்கினார், மறுபடி வைத்தார்.

"ம். அறு," என்றார். "அந்தப் பன்னி மூஞ்சிய மாட்டிகினு அறு."