கடல் வருதுன்னு நான் சொன்ன மத்தியானம்

ஆளில்லாத தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். எனக்கு வலிப்பது என் வயிறுதான். இன்றைக்கும் எந்த வீட்டிலாவது சேலைத் தொட்டில் காலியாக ஆடுவதைக் கண்டால் அடிவயிற்றில் ஒரு பிடி பிடிக்கும். தொட்டிலுக்குச் சொந்தமான பிள்ளை அதன் அம்மா இடுப்பில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாலும், ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

சுனாமி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, நாற்பத்தைந்து வயசில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். தக்கலைக்குத் தெற்கே, ரோட்டோரத்தில் எங்கள் வீடு. கீழ்த்தளம் முழுசு. மேல்தளம் நான் திரும்பி வந்த அன்றைக்கு எப்படி நின்றதோ அப்படியே நின்றது. வானத்தைப் பார்த்துக் கம்பிகள், கைப்பிடி இல்லாத படிக்கட்டு, சுற்றுச்சுவர் இல்லாத மொட்டைமாடி. யாராவது கேட்டால், "காற்றோட்டத்துக்காக விட்டு வைத்திருக்கிறேன்" என்று சொல்வேன். எல்லாவற்றுக்கும் ஒரு தமாஷ் கைவசம் இருந்த காலம்.

என் மனைவி வீட்டு முன்னறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று தொடங்கியிருந்தாள். பத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டி ஆபீஸுக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள். உதவிக்கு ஒரு அக்கா வருவார். நான் கஞ்சி வைப்பேன், பயறு வேகவைப்பேன், மூக்கு துடைப்பேன், மற்றதையும் துடைப்பேன். பாலைவனத்தில் கிரேன் ஓட்டியவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா என்று இருந்தேன். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, கிரேன் சாது.

ஆனால் சோறு ஊட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பத்து நிமிஷத்தில் பத்துத் தட்டும் காலியாகும். வித்தை சின்னதுதான். எந்தப் பிள்ளைக்கு எதைக் கண்டால் பயம் என்று மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். ஒருவனுக்கு ஊசி போடுகிற சிஸ்டர். ஒருத்திக்குப் போலீஸ். மிச்சம் எல்லோருக்கும் பொதுவாக, சாக்கில் பிள்ளை பிடித்துக்கொண்டு போகிறவன். அதற்கு ஆளையும் கையில் வைத்திருந்தேன். பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்கிற ஆக்கர்க்காரர் ஒருவர் தினமும் மத்தியானம் சைக்கிளில் சாக்கு கட்டிக்கொண்டு எங்கள் ரோட்டில் போவார். ஜன்னல் வழியாக அவரைக் காட்டுவேன். "இன்னா வாறான் பாரு!" அவ்வளவுதான், பத்து வாயும் திறக்கும்.

நாகர்கோவிலில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த என் மனைவி, 'பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதிய ஓர் அட்டையைச் சுவரில் மாட்டினாள். அந்த ஆணியில்தான் நான் சட்டை போடுவது. அதன் மேலேயே போட்டேன்.

"பயங்காட்டாம சோறு குடுக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எங்கப்பா என்னையப் பயங்காட்டித்தான் வளத்தாரு. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அப்போதுதான் அந்தப் பெண்பிள்ளை வந்தாள். நாலு வயசு. அம்மா கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து வீடு வீடாக விற்கிறவள். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு, மீன் வைத்த சருவத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போனால், மீன் தீர்ந்த பிறகுதான் வருவாள். இந்தப் பிள்ளையிடம் என் பட்டியல் எடுபடவில்லை. ஊசி என்றால் கையை நீட்டினாள். போலீஸ் என்றால் "எங்கே?" என்று எட்டிப் பார்த்தாள். ஆக்கர்க்காரரைக் காட்டினேன், "அந்த அண்ணனுக்க சைக்கிள்ல பெல்லு இல்ல" என்றாள். முதல் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு மானம் போயிற்று. நாலு வயசுப் பிள்ளை தன்னைக் கண்டு பயப்படவில்லை என்று வருத்தப்பட்ட மனுஷன் நான். அதை இப்போது எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

ஆனி மாதம் அது. காலையிலிருந்து சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. ஒரு கையெழுத்துக்காக மனைவி தக்கலை ஆபீஸுக்குப் போயிருந்தாள். அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் தட்டுடன் அந்தப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கன்னம் உப்பியே இருந்தது. அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது.

"ஏட்டி மக்கா," என்றேன், குரலைத் தாழ்த்தி. "கடல் கேறி வருதாம். சீக்கிரம் முழுங்கு."

முழுங்கினாள். கண் மட்டும் பெரிசானது. அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த உருண்டையையும் முழுங்கினாள். எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, அக்காவிடம் பீற்றிக்கொள்வதற்காகப் பின்பக்கம் போனேன்.

ஐந்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது எட்டுப் பிள்ளைகள் பாயில் கிடந்தார்கள். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பத்து மாதக் குழந்தை இல்லை. அந்தப் பிள்ளை இல்லை. அவள் பக்கத்தில் இருந்த இரண்டு வயசுப் பையனும் இல்லை.

"அக்கா!" என்று கத்தினேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியாது.

கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், அடுக்களை, கழிப்பறை, எங்கும் இல்லை. கிணற்றுக்கு ஓடினேன். எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் ஒரு தலை. ஐயோ என்று அலறினேன். தண்ணீரிலும் வாய் திறந்தது. என் தலைதான். பிறகு ரோட்டுக்கு ஓடினேன். பஸ் ஒன்று சேற்றை வாரியடித்துக்கொண்டு போனது. அது போன பிறகு எதிர்ப்பக்கத்தில் பார்த்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு, பின்னால் உப்பிய சாக்குடன், ஆக்கர்க்காரர் போய்க்கொண்டிருந்தார்.

அத்தனை நாளும் நானே உண்டாக்கி, நானே ஜன்னலில் காட்டிய ஆள். ஓடிப்போய்ச் சாக்கைப் பிடித்தேன்.

"எறக்குடே சாக்க! எறக்கு!"

"என்ன அண்ணாச்சி? என்ன விசயம்?"

நானே இழுத்துக் கவிழ்த்தேன். ஓட்டை வாளி, பாட்டில்கள், கண்ணாடி போன ஒரு சுவர்க்கடிகாரம். அந்த மனுஷன் சிதறியதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னையக் காட்டிப் பிள்ளையளப் பேடிப்பிக்குதியல்லா, நெதமும் கேட்டுட்டுதான் போறேன். இப்ப நீங்களே நம்பிட்டியளா?"

காலிச் சாக்குக்குள் மறுபடியும் கையை விட்டுத் துழாவினேன். அதைக் கண்டதும் அவர் குரல் மாறியது.

"பிள்ளையக் காணலியா?"

மூன்று விரலைக் காட்டினேன். சைக்கிளை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். திரும்பியவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். "அண்ணாச்சி. சத்தம் போடாதீங்க. மேல பாருங்க."

மொட்டைமாடியில், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தலை. இடுப்பில் இன்னொரு தலை.

பாசி பிடித்த படி அது. மழையில் நானே சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறுவேன். பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்து, இரண்டு வயசுப் பையனைக் கையில் பிடித்து, கைப்பிடி இல்லாத பதினெட்டுப் படி ஏறியிருக்கிறாள். நான் நாலு காலில் ஏறினேன். கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாளோ, திரும்பினால் வழுக்குமோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். ஆக்கர்க்காரர் கீழே, மாடி விளிம்புக்கு நேராக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

அவள் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். தென்னைகளுக்கு மேலே கடல் ஒரு நரைத்த கோடாகத் தெரியும். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா, வேகம் கேறு," என்றாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். "மத்த பிள்ளைய எங்க? தாழ விட்டுட்டா வந்திய?"

"கடல் வரல்ல மக்கா. மாமா பொய் சொன்னேன். குழந்தைய இங்க தா."

கையை நீட்டினேன். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். அந்த ஒரு அடிக்குப் பிறகு விளிம்புக்கு மிச்சம் இரண்டு அடிதான்.

"தர மாட்டேன். அம்மா வந்து சொல்லட்டு."

என்ன செய்ய? என் வார்த்தைக்கு அங்கே மதிப்பு போய்விட்டது. பைய நகர்ந்து, அவளுக்கும் விளிம்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று. பையனைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் என் மீசையைப் பிடித்து இழுத்து விளையாடினான். மறுபடியும் சாரல் விழுந்தது. சட்டையைக் கழற்றி அவள் தலைக்கு மேலே பிடித்தேன். அவள் பாவாடையைத் தூக்கிக் குழந்தையை மூடினாள். என் தொந்தியில் மழை விழுந்தது. இதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் நான் தமாஷ் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவள் கை சோர்ந்து குழந்தை நழுவுகிறதா என்று பார்ப்பதிலேயே கண் இருந்தது. நழுவவில்லை. நழுவப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் இடுப்பை ஒரு எக்கு எக்கி மேலே தூக்கிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே காலிச் சருவத்தை வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா என்னவோ சொல்வதும் கேட்டது. அந்த அம்மா படியேறி வந்தாள். அவளைக் கண்டதும் எனக்கு வந்த பயம் விளிம்பைக் கண்ட பயத்தைவிடக் கூடுதல்.

"நான்தான் சொன்னேன்," என்றேன். "சோறு முழுங்கதுக்காவ. கடல் வருகுன்னு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"மக்கா, கடல் வடிஞ்சாச்சு. அம்மா பாத்துட்டுதான் வாறேன். இனி எறங்கலாம்."

"நெசமாட்டா?"

"நெசமாட்டு."

அப்புறம்தான் குழந்தையை நீட்டினாள். அம்மாவிடம். என்னிடம் இல்லை. கீழே வந்து, மற்ற பிள்ளைகள் பாயில் பத்திரமாகக் கிடப்பதைக் கண்ட பிறகுதான் பிள்ளைக்கு அழுகை வந்தது.

அந்த அம்மா திட்டுவாள், சருவத்தால் அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருக்கலாம். அவள் வாசலில் நின்று சேலை நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"அண்ணைக்கு எனக்க கையில இவ இருந்தா, அண்ணாச்சி. எனக்க அக்காளுக்க பிள்ளையப் பிடிக்கதுக்கு எனக்கு வேற கை இல்ல. அதுக்குப் பொறவுதான் இவளுக்குச் சொல்லிக் குடுத்தேன், கடல் வந்தா சின்னதுகள விட்டுட்டுக் கேறப்பிடாதுன்னு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆக்கர்க்காரர் அதுவரைக்கும் கையை விரித்தபடியே நின்றிருந்தார். அக்கா போய், "பிள்ளைய எறக்கியாச்சு தம்பி, கையத் தாத்தும்" என்று சொன்ன பிறகுதான் தாழ்த்தினார். ஜன்னலில் எட்டுப் பிள்ளைகள் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அழவில்லை.

சாயங்காலம் அவரும் நானுமாகப் படியின் அடியில் மூங்கில் தட்டி கட்டினோம். திரும்பி வந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். மாடியிலிருந்து கொண்டுவந்து பழைய ஆணியில் போட்டிருந்த ஈரச் சட்டையை எடுத்து என் கையில் தந்தாள். அட்டை வெளியே தெரிந்தது.

மறுநாள் காலையில் கேட்டில் போய் நின்றேன். அந்த அம்மா இனி வர மாட்டாள் என்று மனசு சொன்னது. வராமல் இருந்தால் அந்தப் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு இவள் மீனுக்குப் போவாள் என்று அதே மனசு கேட்டது. பஸ் வந்தது. இருவரும் இறங்கினார்கள். விட வேறு இடம் இல்லாததால்தான் வந்தாள் என்று அவள் முகத்திலேயே இருந்தது. என் மேல் நம்பிக்கை வந்து அல்ல. பிள்ளையின் கையை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் தட்டுடன் அவள் முன்னால் உட்கார்ந்தேன். கையில் சிஸ்டர் இல்லை, போலீஸ் இல்லை, சாக்கு இல்லை. ஒன்றுமே இல்லாமல் ஒரு பிள்ளையின் முன்னால் உட்காருவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். நான் காத்திருந்தேன். மற்ற பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். ஆக்கர்க்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். பெல் வாங்கி மாட்டியிருந்தார் போல.

"இண்ணைக்குக் கடல் வருமா?" என்று கேட்டாள், உருண்டையோடேயே.

"வராது."

"நாளைக்கு?"

வாயில் நாலைந்து பதில் வந்தது. எல்லாம் பொய்.

"எனக்குத் தெரியாது மக்கா. வந்தா நானும் ஒன்கூடக் கேறுவேன்."

"மத்த பிள்ளைய?"

"எல்லாத்தையும் எடுத்துட்டுதான் கேறுவேன்."

என் கையைப் பார்த்தாள். இரண்டு கைதானே இருக்கிறது என்று எண்ணியிருப்பாள். பாயில் கிடந்தவர்களைப் பார்த்தாள். தொட்டிலைப் பார்த்தாள்.

"தொட்டில்ல கெடக்கத நான் எடுத்துக்கிடுவேன்," என்று சொல்லிவிட்டு முழுங்கினாள்.