அடுப்படியையும் பாருங்க

அம்மா சுபாவத்திலேயே கோபக்காரிதான். ஆனால் வெளியாள் முன்னால் அவள் அப்பாவை எதிர்த்து நின்றதை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. கொல்லிமலைக்கு அருவி பார்க்க வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனதால், முன்பக்கத்து இரண்டு அறைகளை அவர்களுக்கு வாடகைக்கு விடுவது என்று அப்பா முடிவு செய்தார். மிளகும் குச்சிக்கிழங்கும் தராத நிம்மதியை விருந்தாளிகள் தருவார்கள் என்று நம்பினார். அந்த அறைகளுக்குப் புதிதாக வயர் இழுத்தாயிற்று. வந்தவர் யாருக்காவது ஷாக் அடித்தால் பேர் கெட்டுவிடுமே என்று, எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கப் பேளுக்குறிச்சியிலிருந்து ஓர் எலக்ட்ரீசியனையும் வரச் சொல்லியிருந்தார்.

அடுப்படி வயரிங் மட்டும் சித்தப்பா செய்தது. தம்பியே செய்து முடித்ததில் அப்பாவுக்குப் பெருமை. அதனால் கிரைண்டரைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறது என்று அம்மா சொன்னபோதெல்லாம் குற்றம் சித்தப்பாவிடம் போகவில்லை. அவளுடைய ஈரக்கைக்குத்தான் போனது. ஒருநாள் அப்பா காட்டிலிருந்து வந்து, ரப்பர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய்க் கிரைண்டர் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பாரு, எனக்கு ஒண்ணும் பண்ணலியே" என்று சிரித்தார்.

அதன்பிறகு அம்மா சொல்வதை நிறுத்திவிட்டாள். சாக்கை மடித்துக் காலடியில் போட்டு, அதன்மேல் நின்று மாவாட்டினாள். மழைக்காலத்தில் அந்தச் சாக்கும் நனைந்துவிடும்.

எலக்ட்ரீசியன் வந்த அன்று அப்பா அடுப்படிக் கதவைச் சாத்தினார். அதற்கு முன்பே, உள்ளே கருகிப்போயிருந்த பிளக் பாயிண்டின் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டிருந்தார். நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்றார். சோதிக்க ஆளைக் கூப்பிட்டுவிட்டு, சோதிக்க வேண்டியதையெல்லாம் மறைத்தவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

முன்னறைகளைப் பார்த்து முடித்த எலக்ட்ரீசியன் காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். அம்மா அடுப்படிக் கதவை அகலத் திறந்தாள்.

"ஏனுங்க, அடுப்படியையும் பாத்துட்டுப் போங்க."

"அதெதுக்கு? அங்க யாரு வந்து தங்கப்போறாங்க?" என்றார் அப்பா.

"வந்துட்டுப் போறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாது. இங்கியே கெடக்கறவளுக்கு அடிச்சாப் பரவால்லீங்களா?"

அப்பாவின் முகம் சிவந்தது. எலக்ட்ரீசியன் உள்ளே போனார். அம்மா விடவில்லை. காலண்டரைக் கழற்றிக் கருகலைக் காட்டினாள். மழைத்தண்ணீர் கசிந்து சுவிட்ச் போர்டு வரை இறங்கும் சுவரைத் தொட்டுக் காட்டினாள். கடைசியாகக் கிரைண்டரைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் டெஸ்டரை அதன் உடம்பில் வைத்ததும் டெஸ்டருக்குள் இருந்த விளக்கு எரிந்தது. பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தார்.

"எர்த் வயரே இல்லீங்க. செருப்புக் காலோட தொட்டா ஒண்ணும் தெரியாது. வெறுங்காலு, ஈரத் தரைன்னா ஆளையே கொன்னுபோடும். அக்கா இத்தன நாளு தப்பிச்சதே பெரிசுங்க."

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

அம்மா காலடியில் கிடந்த சாக்கை எடுத்து அவர் முன்னால் வீசி எறிந்தாள்.

அந்த வாரமே வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிக் குழாய் இறக்கி, அடுப்படிக்கு எர்த் கொடுத்தார்கள். கிரைண்டர் சாதுவாகிவிட்டது. நான் வெறுங்காலோடு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் இன்னும் இறுகியது. சித்தப்பா சாப்பிட வந்தால் சோற்றுக்குண்டானை நடுவில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். அப்பாவிடம் வேண்டியதற்கு மட்டும் பேசினாள்.

எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தனை காலமும் தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று அவளும் பாதி நம்பியிருந்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.