பிளாஸ்க்குக்குள் ஏறிய சூடு

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, சின்னமனூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். உத்தமபாளையத்தில் அது காற்றுக்காலம். எந்தக் கதவைச் சாத்தினாலும் அடுத்த கதவு அடித்துக்கொண்டது. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் அக்காவுக்குக் கல்லூரியில் வேதியியல் செய்முறைத் தேர்வு. அமிலமும் காரமும் சேரும்போது எவ்வளவு வெப்பம் வெளிவருகிறது என்று கணக்கிடும் சோதனையில் அவளுக்கு விடை எப்போதும் குறைவாகவே வந்தது. அதனால் இரண்டு சிறு பாட்டில்களில் அமிலமும் காரமும், ஒரு வெப்பமானியும் கல்லூரியில் கேட்டு வாங்கி வந்து, வீட்டு பிளாஸ்க்கின் மூடியில் ஆணியால் துளை போட்டு வெப்பமானியைச் செருகி, மாடியறையில் உட்கார்ந்துவிட்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை “ம்” சொல்வது என் வேலை.

கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அக்கா பிளாஸ்க்கில் இருந்த காரத்தில் அமிலத்தை ஊற்றி மூடினாள். பாதரசம் குதித்து ஏறியது.

அம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். “பிளாஸ்க் எங்கடி? அவுக வந்துட்டாக. இன்னும் சேலையக்கூட மாத்தலயா?”

“செத்த பொறும்மா. தொறந்தா சூடு போயிரும்.”

“உள்ள என்னடி இருக்கு?”

“உப்புத் தண்ணி.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு பிளாஸ்க்கைக் கேட்டு ஓடினாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படிவரை போய் எட்டிப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

“முடிஞ்சிருச்சாக்கா?”

“இன்னும் ஏறுதுடி.”

குனிந்து பார்த்தேன். பாதரசம் அசைந்ததாகத் தெரியவில்லை.

“ஒனக்குத் தெரியாது. ஏறுன டிகிரிய தண்ணியோட எடையாலயும் தன்வெப்பத்தாலயும் பெருக்கணும். பிளாஸ்க் குடிச்ச சூட்டையும் அதோட சேக்கணும். அத விட்டதுனாலதான் எனக்கு எப்பவும் கொறையுது.” சொல்லிவிட்டுக் கீழே கேட்ட பேச்சுக்குக் காது கொடுத்தாள்.

கடைசியில் அத்தாவே மேலே வந்தார். “ஆத்தா, அவுக கெளம்பப் போறாக.” அக்கா தலை நிமிரவில்லை. அத்தா இறங்கிப் போனார்.

மாப்பிள்ளையின் அம்மா கீழே சொன்னது மாடிவரை கேட்டது. “பரவால்ல, பொண்ணு படிக்கட்டும். மஃரிப் தொழுகைக்குள்ள, பொழுது சாயறப்ப, நாங்க வீடு போய்ச் சேரணும்.” அது கோபம் என்று எனக்கே புரிந்தது.

கார் கிளம்பியதும் அக்கா மளமளவென்று கணக்குப் போட்டாள். விடை புத்தகத்தில் இருந்த எண்ணை ஏறக்குறைய தொட்டுவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். விடை வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அவளோடு பேசாமலிருந்த நாட்களில், வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நான்தான் அவளுக்காக வாதாடினேன்: அந்தச் சோதனையே அப்படித்தான், ரொம்ப நேரம் பிடிக்கும் என்று.

பிறகு கல்லூரியில் நானும் அதே சோதனையைச் செய்தேன். ஊற்றிக் கலக்கியதும் பாதரசம் விறுவிறுவென்று ஏறி, நான் பேனாவை எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவே இல்லை. ஏறி முடிந்துவிட்ட பாதரசத்தைப் பார்த்தபடி அக்கா அன்று எதற்காகக் காத்திருந்தாள் என்பது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது தெரியவில்லை.