யாரை வேறு ஹோட்டலுக்கு அனுப்புவது

அந்தச் சனிக்கிழமை மதியம் என்னிடம் ஒரே ஒரு ரூம்தான் மிச்சம் இருந்தது. அந்த ஒரு ரூமுக்காகக் கவுண்டருக்கு முன்னால் இரண்டு குடும்பம் நின்றது. இரண்டு பேரிடமும் புக்கிங் இருந்தது.

என் பெயர் திரேசா. மலேசியாவின் ஜோகூர் பாருவில், சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்ததும் இருக்கிற கஸ்டம்ஸ் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர ஹோட்டல். அங்கே கவுண்டரில் நின்று நின்றே என் கால் நரம்பெல்லாம் சுருண்டுபோனது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஸ்கூல் லீவு நேரத்தில் ஹோட்டல், இருக்கிற ரூமைவிட அதிகமாகவே புக்கிங் எடுக்கும். சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்று ஒரு கணக்கு. எல்லாரும் வந்துவிட்டால் யாரையாவது வேறு ஹோட்டலுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் வாக் பண்ணுவது என்று பெயர். சத்தம் போடாதவர்களைத்தான் வாக் பண்ணுவோம். எங்கேயும் எழுதிவைக்காத சட்டம் அது.

கேஎல்லிலிருந்து, அதாவது கோலாலம்பூரிலிருந்து, காரில் வந்த குடும்பம் ஒன்று. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அந்த மனிதர் அதற்குள் இரண்டு முறை கவுண்டரைத் தட்டிவிட்டார். இன்னொன்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான தம்பதி. சூட்கேஸைக் காலோடு அணைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள்.

மேனேஜர் சந்திரன் என்னை உள்ளே கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர்.

"அக்கா, அந்தப் பெரியவங்கள தெப்ராவுக்கு அனுப்பிடுங்க. நம்ம இன்னொரு ஹோட்டல்தானே. ரூம் பெருசு, பிரேக்ஃபாஸ்ட் ஃப்ரீன்னு சொல்லுங்க லா."

போய்ச் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். அந்த அம்மா மட்டும் கேட்டார்.

"அது பாலத்துலேருந்து நடக்குற தூரமாம்மா?"

"இல்லம்மா, டாக்சியிலதான் போகணும். இன்னைக்கு ஜாம் வேற. ஏன், யாராச்சும் வர்றாங்களா?"

"எங்க பையன் வர்றான். சிங்கப்பூர்ல ஷிப்யார்டுல வெல்டரு. போயி நாலு வருஷமாச்சு, ஊருக்கு வர லீவு கெடைக்கல. எங்களுக்கு அங்க போக விசா கெடைக்கல. இந்த ஊருக்கு விசா வேணாம்னாங்க, வந்துட்டோம். பாலத்த தாண்டுனதும் இந்த ஓட்டல்தான், நடந்தே வந்துருவேன்னு அவன்தான் பாத்து எடுத்தான். நாளைக்கு சாயங்காலம் அவன் திரும்பிப் போயிடணும்."

"போன் பண்ணி இடம் மாறிடுச்சுன்னு சொல்லிடலாமா?"

"எடுக்க மாட்டேங்குறான்மா. கெளம்பிட்டான் போல."

நான் மறுபடி உள்ளே போனேன். "சந்திரன், இவங்கள அனுப்ப முடியாது. கேஎல்காரர்கிட்ட கார் இருக்கு."

"அந்தாள் நம்மளப் பத்தி நெட்டுல கண்டபடி எழுதுவான்க்கா."

"எழுதட்டும்."

"உங்க பேரப் போட்டு எழுதுவான்."

வெளியே வந்து கேஎல்காரரிடம் அவர்கள்தான் தெப்ராவுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன்.

"நாங்களுந்தானே புக் பண்ணோம்? பிள்ளைங்க மாலுக்கு நடந்து போலாம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தேன்? இப்ப நான் என்ன சொல்றது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் என் பெயர்ப்பட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அவருடைய சின்னப் பெண் அழுதுகொண்டே காரில் ஏறியது. அந்த முகத்தையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சாயங்காலம் ஒரு இளைஞன் வேர்த்து விறுவிறுத்து லாபிக்குள் வந்தான். தோளில் ஒரு பை. பெற்றோர் சோபாவிலேயே காத்திருந்தார்கள், ரூமுக்குப் போகவே இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் தீப்பொறி பட்ட தழும்புகள். "இதெல்லாம் போன்ல காட்டவே இல்லையேடா," என்றார். அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். அப்பா அவன் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு பேருக்கான ரூம் அது. கேட்காமலே ஒரு மெத்தை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மதியம் செக்-அவுட் நேரம் தாண்டியும் அவர்கள் இறங்கவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டினேன். பெரியவர்தான் திறந்தார்.

"தூங்குறான்மா. ஊர்ல இருந்தப்பகூட இப்படித் தூங்குனதில்ல. எழுப்பணுமா?"

"வேணாம்ப்பா. கிளீனிங்குக்கு நான் சொல்லிக்கிறேன்."

அந்த வாரமே கேஎல்காரர் எழுதியது வந்தது. என் பெயர் இருந்தது. சந்திரன் சத்தம் போடவில்லை. "கொஞ்ச நாள் உள்ள ரிசர்வேஷன்ல உட்காருங்கக்கா" என்றார். வேலையை விடும் வரைக்கும் நான் கவுண்டருக்குத் திரும்பவில்லை. கால் வலி குறைந்தது. ஆனால் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்வது இன்னொரு விதமான அலுப்பு.

அங்கே போனில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "சிட்டிக்கு நடுவுலதானே இருக்கு?" நான் ஆமாம் என்று உடனே சொல்வதை நிறுத்தினேன். "எதுக்கு வர்றீங்க, யாரப் பாக்க வர்றீங்க?" என்று கேட்டேன். சிலர் எரிச்சலானார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்களை மண்டபத்துக்குப் பக்கத்து ஹோட்டலுக்குப் போகச் சொன்னேன். அதில் எங்களுக்குப் புக்கிங் போனது, திட்டும் வாங்கினேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். வருகிறவர் எதற்கு வருகிறார் என்று தெரியாமல் எந்த ஹோட்டலையும் நல்ல இடம் என்று சொல்லாதீர்கள். வேறெதுவும் பேசத் தெம்பில்லாத நாட்களிலும் அதை மட்டும் நான் கேட்காமல் விட்டதில்லை.