மாத்திரை போட்டா தான் கை வைப்பேன்

திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் குணசுந்தரியின் பியூட்டி பார்லர் இருக்கிறது. காலையில் துடைத்த கண்ணாடியில் மதியத்துக்குள் கறுப்புத் தூசு படிந்துவிடும். மறுபடியும் துடைப்பாள். துடைத்துக்கொண்டே திட்டுவாள். லாரிக்காரனை, ரோடு போட்டவனை, போடாதவனை, தூசு கக்கும் கம்பெனியை, அந்தக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனை. "பேர்ல மட்டும் தான் குணம்" என்பார் அவள் வீட்டுக்காரர் மனோகரன், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. போன வருஷம் ஒரு நாள், வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை நடுங்கி, கல்யாணப் பெண் ஒருத்தியின் புருவத்தில் பாதியை எடுத்துவிட்டாள். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லைம்மா. டென்ஷனைக் குறைங்க. நல்லா தூங்குங்க. அமைதியான இடத்துல வாக்கிங் போங்க."

விடிய விடிய ஹாரன் அடிக்கும் தெருவில் இருப்பவளிடம் அமைதியான இடம்! "அந்த இடத்தோட அட்ரஸையும் சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

பார்லருக்கு வரும் டீச்சர் ஒருத்தி தான் அவளை ராயபுரத்துக்கு, லியோனார்ட் சாரின் ரெய்கி வகுப்புக்கு, இழுத்துக்கொண்டு போனாள். கேலி செய்யத் தான் போனாள் குணசுந்தரி. படுக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். தலைமேல் கையை லேசாக வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தான். அவள் தூங்கிப் போனாள். விழித்தபோது, தூங்க வைத்துவிட்டாரே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

பிரபஞ்ச சக்தி கை வழியாக இறங்குகிறது என்று அவர் விளக்கினார். அது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். எதையும் கேட்காமல், எதையும் எதிர்பார்க்காமல், அவள் பக்கத்தில் அவளுக்காகவே ஒரு மனுஷர் சும்மா உட்கார்ந்தது அது தான் முதல் தடவை. அதற்கு என்ன பேர் வைத்தால் என்ன? வாரா வாரம் போனாள். படபடப்பு அடங்கியது. தானும் கற்றுக்கொண்டாள். பார்லரின் பின்பக்கம் திரை கட்டி, ஒரு கட்டிலைப் போட்டு, வாசலில் ரெய்கி என்று போர்டும் மாட்டினாள்.

படுக்க வரும் ஒவ்வொருத்தியிடமும் முதலில் கறாராகச் சொல்லிவிடுவாள். "இது வைத்தியம் இல்ல. நோயத் தீர்க்காது. மனசு கொஞ்சம் லேசாவும், உடம்பு தளரும். வேற ஒண்ணும் எதிர்பார்க்காத."

கெங்கம்மாவிடமும் அப்படித் தான் சொன்னாள். கெங்கம்மா பக்கத்துக் குப்பத்துக்காரி, மீன் விற்பவள். அவள் சந்துக்குள் நுழைவதற்கு முன்பே அவள் குரல் நுழைந்துவிடும். பிரஷருக்குப் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவள். புருஷன் போனபின் தூக்கமும் போய்விட்டது. "கண்ண மூடினா தலைக்குள்ள யாரோ வலை இழுக்குற மாதிரி கீதுமே" என்று வந்து படுத்தாள். குணசுந்தரி தலையில் கை வைத்துத் தோளுக்கு வருவதற்குள் குறட்டை கிளம்பியது. அந்தக் குறட்டையில், முன்னால் ஃபேஷியல் போட்டுக்கொண்டிருந்த பெண் சிரித்துத் தொலைத்து முகப்பூச்சு முழுக்க வெடித்துவிட்டது.

எழுந்ததும் கெங்கம்மா தன் முகத்தைக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். "கைராசிக்காரிமே நீ" என்றாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தாள். வரும்போதெல்லாம் நல்ல சங்கரா மீனாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வருவாள். வேண்டாம் என்றால் வசவு விழும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் தான் ஒரு நாள் கெங்கம்மாவின் மகன் தீபன் பார்லருக்குள் புயல் மாதிரி வந்தான். டிரெய்லர் ஓட்டுகிறவன். குணசுந்தரி பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு ஒருத்திக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள்.

"யக்கா, எங்கம்மாவ இன்னா பண்ணி வச்சிகீற நீ?"

நூல் வாயிலிருந்து விழுந்தது.

"மார்க்கெட்ல வெல கூவிகினு இருக்க சொல்லவே சாஞ்சிடுச்சி. பெரியாஸ்பத்திரில படுத்துகினு கீது. பிரஷர் எகிறிப் போயி, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஒரு பக்கமே இழுத்துகினு இருக்கும்னு டாக்டர் கத்துறாரு. மாத்திரையே போடலியாம்! ஏன்னு கேட்டா, குணா கை வச்சிகீறா, போடக் கூடாதுன்னு சொல்லுது!"

"நான் சொன்னேனா? நான் எப்படா சொன்னேன்?"

"பின்ன யாரு சொன்னா? போர்டு வச்சி ஊர ஏமாத்துறியா?"

சந்து முழுக்க எட்டிப் பார்த்தது. புருவம் திருத்த வந்தவள் ஒரு புருவத்தோடு எழுந்து ஓடினாள். குணசுந்தரிக்குக் காது இரண்டும் கொதித்தன. அவனைத் திட்ட வாயைத் திறந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் அம்மாவைப் போட்டுவிட்டு வந்தவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? லியோனார்டுக்குப் போன் போட்டாள்.

அவர் அவள் சொன்னது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "பயப்படாதீங்க சிஸ்டர். சில பேருக்கு இப்படி ஆகும். உள்ள இருக்கிற கெட்டது வெளிய வருது. நல்ல அறிகுறி தான்."

"நல்ல அறிகுறியா? ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஊசி குத்திகினு கிடக்கிறது நல்ல அறிகுறியா சார்? உங்க வூட்ல ஒருத்தங்க இப்டி விழுந்தா இதையே சொல்வீங்களா?"

"அமைதியா இருங்க சிஸ்டர். உங்க கோபம் தான் உங்க சக்தியத் தடுக்குது."

போனை வைத்துவிட்டாள். அமைதி! அந்த டாக்டரும் இதையே சொன்னார், இவரும் இதையே சொல்கிறார். இரண்டு பேரும் அந்த ஒரு வார்த்தையை இவள் கையில் திணித்துவிட்டு நழுவிவிடுகிறார்கள். லாரி அப்படியே நிற்கிறது. தூசு அப்படியே விழுகிறது. லியோனார்ட் பொய்யராக இருந்தாலாவது நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் தலைமுழுகலாம். அவர் அதை மனசார நம்பித் தான் சொல்கிறார். அது தான் அவளுக்குத் தாங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ரெய்கி சான்றிதழைக் கழற்றி அழுக்குத் துண்டுகளுக்கு அடியில் செருகினாள். ஷட்டரை இழுத்து மூடி, ஸ்கூட்டரைக் கிளப்பி, "ஏறுடா வண்டில" என்றாள் தீபனிடம்.

பெண்கள் வார்டில் கெங்கம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு, பக்கத்துக் கட்டில்காரியிடம் நெத்திலி விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். குரல் மட்டும் பாதியாகியிருந்தது.

"வாமே குணா. இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிகினு வர்ற?"

"யக்கா, மாத்திரைய நிறுத்துன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ எங்க சொன்ன? நீ எதுக்குச் சொல்லணும், எனக்குத் தெரியாதா? இவனுக்கு மஞ்சக்காமாலை வந்து மந்திரிச்சப்போ, என் வூட்டுக்காரருக்கு தர்காவுல ஓதி ஊதினப்போ, யாரு இங்கிலீஷ் மருந்து தின்னா? ரெண்டயும் கலக்கக் கூடாது. கலந்தா கை பலிக்காது. பத்தியம் இல்லாம எதுனா நிக்குமா?" பெருமையாகச் சொன்னாள். "கருவாடு கூட வுட்டுட்டேன் தெரியுமா? நானு! கருவாடு!"

"நான் மந்திரிக்கிறேன்னு உனக்கு யார் சொன்னது? இது வைத்தியமே இல்லன்னு ஒவ்வொரு தபாவும் கத்துனேனே, அப்ப உன் காது எங்க போச்சி?"

கெங்கம்மா சிரித்தாள். "நல்ல கைக்காரங்கோ எல்லாரும் அப்டி தான்மே சொல்வாங்கோ. 'என் கையில இன்னா கீது, எல்லாம் ஆத்தா செயல்'னு. நான் தான் தீர்த்து வைக்கிறேன்னு மாரத் தட்டுறான் பாரு, அவன் தான் ஃப்ராடு. நீ இல்ல இல்லன்னு அதட்ட அதட்ட தான் எனக்கு நம்பிக்கையே ஏறிச்சி."

குணசுந்தரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது என்று அவள் பிடித்துவைத்த 'இது வைத்தியம் இல்ல' என்ற அதே வார்த்தை தான் இந்தப் பொம்பளையைக் கவிழ்த்திருக்கிறது.

நர்ஸ் வந்து மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீரையும் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கெங்கம்மா கையை வாய்க்குக் கொண்டுபோனாள். தண்ணீரைக் குடித்தாள். மாத்திரை முந்தானை முடிச்சுக்குள் போனது. குணசுந்தரி பார்த்துவிட்டாள். தீபனும் பார்த்துவிட்டான். குணசுந்தரியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதைக் கடித்தான்.

"யக்கா, மாத்திரை தான் உன்னோட பத்தியம்னு சொல்லிடு. உன் வாயால வந்தா முழுங்கிடும். உன் கால்ல விழறேன்."

ஒரே ஒரு பொய். சுலபமான பொய். அவளுக்கும் அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நாளைக்கு வேறொரு கைக்காரி வேறொரு பத்தியம் சொன்னால்?

"ஏமாத்துறேன்னு தெருவக் கூட்டுனது நீ தானேடா? இப்ப ஏமாத்துன்றியா? தள்ளு அந்தாண்ட!"

கட்டிலுக்கு வந்தாள். அவள் பேச ஆரம்பித்ததும் வார்டே திரும்பிப் பார்த்தது.

"எட்றி அந்த மாத்திரைய. இங்க பாரு, என் கையில சக்தி கீதா இல்லியான்னு எனக்கே தெரியாது. நீ தூங்குன, அது நெஜம். ஆனா என் கை உன் ரத்தத்துக்குள்ள போவாது. மாத்திரை தான் போவும். இனிமே மாத்திரை போட்டா தான் கை வைப்பேன். இது பத்தியமும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்குப் பயம்! என் கட்டில்ல படுத்த பொம்பள செத்துப் போய்ட்டா அதுக்கப்புறம் நான் எப்டி தூங்குவேன்? சொல்லு!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. கெங்கம்மாவின் சிரிப்பு நின்றது. அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பயமா? உனக்கா?"

"ஆமா, பயம் தான்."

"ஆத்தா கை வச்சவ பயப்பட மாட்டாளே." கெங்கம்மா முந்தானை முடிச்சைத் தடவினாள். "அப்போ நெஜமாவே உன்னுது வைத்தியம் இல்ல."

"இல்லக்கா."

"இத மொதல்லியே இப்டி பயந்துகினு சொல்லி இருந்தா நம்பி இருப்பேன்ல? சாமி வந்தவளாட்டம் அதட்டிட்டு..."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரையில் ஒட்டியிருந்த மீன் செதிலை ஊதித் தள்ளிவிட்டு, வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, கசப்பில் முகத்தைச் சுளித்தாள். பிறகு நாக்கை நீட்டிக் காட்டினாள், இரண்டு பேருக்கும்.

"வருவேன், உன் கட்டிலுக்குத் தூங்க மட்டும் வருவேன். இப்போ வை கைய. இங்க இவ பேஜாரு தாங்கல" என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள்.

குணசுந்தரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் நெற்றியில் கையை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அதன் டிரைவரை மனசுக்குள் ஒரு வார்த்தை சொன்னாள். லியோனார்டுக்கும் ஒன்று, டாக்டருக்கும் ஒன்று.

"கை ஆடுதுமே" என்றாள் கெங்கம்மா, கண்ணைத் திறக்காமல்.

"கோவம்."

"ஆடட்டும். எடுக்காத."